குளவிக் கூட்டுக்குக் கீழே

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் நாகலெட்சுமி. அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டால், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்ன, துரையைப் பெற்றவரே வந்தாலும் அசைக்க முடியாது.

ஆறாம் நம்பர் மலையில் பெரிய மரமொன்றில் குளவி கூடு கட்டியிருந்தது. போன மாதம் அங்கே குளவி கொட்டி அழகம்மா செத்துப்போனாள். இத்தனை வருடமும் நாகலெட்சுமிக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றவள். கூட்டை எடுத்துவிட்டு வேலைக்கு அனுப்புங்கள் என்று பெண்கள் கேட்டார்கள். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "குளவியெல்லாம் பறந்து போச்சு. அது வெறுங்கூடு" என்று சொல்லிவிட்டார். துரையிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார். என்னவோ மரத்தில் ஏறிப் பார்த்தவர் மாதிரி.

நாகலெட்சுமி கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. பெண்களோடு தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். பிறகு எல்லோரும் கூடையோடு அந்த மலையின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கேட்டால், "வேலைக்கு வந்துட்டோம்ங்க. கூட்ட எடுத்ததும் எறங்குறோம்" என்பாள். வேடிக்கை என்னவென்றால், உட்கார்ந்த இடத்திலும் கை சும்மா இருக்காது. பழக்கத்தில் பக்கத்துச் செடியிலிருந்து கொழுந்தைக் கிள்ளிவிடும். கிள்ளியதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிரிக்காதவன் அவள் மகன் விஜிதரன். கொழும்பில் கடையில் வேலை செய்பவன், விஷயம் கேள்விப்பட்டு லயத்து வீட்டுக்கு வந்திருந்தான்.

"உக்காந்து என்னத்தக் கண்டீங்க? நாளைக்கு கண்டாக்கையா மரத்தடிப் பாதையில வரட்டும். கூட்டுக்கு ஒரு கல்லு போதும். வெறுங்கூடான்னு அவரே பாத்துக்கட்டும்."

"கலஞ்ச குளவிக்கு கண்டாக்கு யாரு, நாங்க யாருன்னு தெரியுமாடா? அழகம்மா புள்ளைங்க அனாதையா நிக்கிற மாதிரி அவரு புள்ளைங்களும் நிக்கணுமா?"

மகன் ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று அவளுக்குப் பயம். அவன் மனம் அந்த அளவுக்குத் துணிந்துவிட்டதே என்பது அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் கண்டாக்கையா மரத்தடிப் பாதையில் வருவது தெரிந்தது. மேல் ரோட்டில் விஜிதரன் கல்லோடு நின்றான். நாகலெட்சுமி இரண்டு பேரையும் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். ஒரு கிளையும் அசையாதபடி நிரைக்குள் நடந்து போய், கூட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

விஜிதரனின் ஓங்கிய கை தானாக இறங்கியது. கண்டாக்கையா பாதையிலேயே நின்றுவிட்டார்.

"அங்க என்னம்மா செய்ற? வெளிய வா."

"வெறுங்கூடுன்னு சொன்னீங்களேய்யா" என்றாள், குரலை உயர்த்தாமல். "எடம் இருக்கு. நீங்களும் வந்து உக்காருங்க."

அவர் ஒரு காலை நிரைக்குள் எடுத்து வைத்தார். மேலே பார்த்தார். காலைப் பின்னால் எடுத்தார். அத்தனை பெண்களும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது அவருக்கும் தெரிந்தது. மெதுவாகப் போனை எடுத்துத் துரையை அழைத்தார்.

"சேர், கூட்டுல குளவி இருக்கு. நான் சொன்னது தப்பு. எடுக்கிற ஆள இன்னைக்கே அனுப்புங்க."

போன மாதிரியே நாகலெட்சுமி வெளியே வந்தாள். ரோட்டுக்கு ஏறினாள். அப்படியே உட்கார்ந்து அழகம்மாவின் பெயரைச் சொல்லி அழுதாள். அதுவரை அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை.

விஜிதரன் பக்கத்தில் வந்து நின்றான். கல் இன்னும் கையில் இருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடு. வீட்டுல அடுப்புக் கல்லு ஒண்ணு ஆடிக்கிட்டே கெடக்கு."