ஆயுதபூசையன்று அப்டேட் ஆன கம்ப்யூட்டர்

பிள்ளையார்பாளையத்தில் கலியாணசுந்தரம் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கிராஃப் கலியாணம் என்று கேட்டால்தான் சரியான வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். பட்டுப்புடவை பார்டரில் அன்னமும் மயிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. யாராவது ஒருவர் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாகக் கலர் அடித்து அவற்றை வரைய வேண்டும். பிறகு தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை எடுத்து, கலர் உள்ள இடத்தில் ஓட்டை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை ஓட்டைகள் சொல்லும். பதினெட்டு வயதிலிருந்து கலியாணசுந்தரம் செய்துவந்தது இதுதான்.

தொண்ணூற்றெட்டில் அவர் கம்ப்யூட்டர் வாங்கினார். தெருவில் பலரும் சிரித்தார்கள். சூரத்திலிருந்து ஒருவர் வந்து டிசைன் போடும் சாஃப்ட்வேரையும், அட்டையில் தானே ஓட்டை போடும் ஒரு மெஷினையும் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் வரைந்து ஒரு பொத்தானை அமுக்கினால், மெஷின் கடகடவென்று அட்டையை அடித்துத் தள்ளியது. ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடிந்தது. சிரித்தவர்களெல்லாம் டிசைன் கேட்டு வரிசையில் நின்றார்கள். கையால் ஓட்டை போட்டுவந்த பழைய துளைப் பலகையும் சுத்தியும் பரண் ஏறின. அதில் அவருக்குத் துளி வருத்தமும் கிடையாது. முதுகுவலி போனது அவருக்கல்லவா தெரியும்!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வீட்டுக்கு பிராட்பேண்ட் வரும் வரைக்கும். இரண்டாயிரத்து ஐந்தில், சூரத்துக்கு மெயிலில் டிசைன் அனுப்பலாமே என்று ஆசைப்பட்டு இணைப்பு வாங்கினார். அன்றிலிருந்து திரையின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் கேடயம் முளைக்க ஆரம்பித்தது. 'உங்கள் கம்ப்யூட்டருக்கு அப்டேட் தயார்' என்றது. போடுங்கள் என்றார், மரியாதையாக. மறுநாள் பிரிண்டரில் சிவப்பு ஆரஞ்சாக வந்தது. இன்னொரு முறை போட்டதும் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியது. கட்டத்தோடு காலம் தள்ளிய மனிதர்தான், ஆனாலும் தன் பெயரையே கட்டமாகப் பார்த்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார்.

நேற்று ஒழுங்காக ஓடியதை இன்று எதற்காகச் சரிசெய்ய வேண்டும்? இந்தச் சின்னக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைக்கவே இல்லை. சூரத்துக்காரரைக் கேட்டால், "அப்டேட் போடாதீங்க, நம்ம சாஃப்ட்வேர் நின்னுடும்" என்றார். இணைப்புக் கொடுத்தவரைக் கேட்டால், "போடலேன்னா வைரஸ் வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடும் சார்" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். கலியாணசுந்தரம் ஒரு நாள் 'இப்போது' என்பதை அமுக்குவார், மறுநாள் பயந்துபோய்ப் 'பிறகு' என்பதை அமுக்குவார்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். ஜோசுவா. ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர். ஐயம்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட தாய் தகப்பனுக்குப் பிறந்து, முப்பது வயதுக்குள் நாற்பது கம்ப்யூட்டருக்கு அதிகாரி ஆனவர். அம்மாவுக்குப் புடவை எடுக்க வந்த இடத்தில் கலியாணசுந்தரத்தின் மெஷினைப் பார்த்து மயங்கி, அன்றிலிருந்து சிநேகிதம். அவர் வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான்.

"கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டத்தையே லினக்ஸுக்கு மாத்திடுங்கண்ணா. காசில்ல, வைரஸ் இல்ல, உங்களைக் கேக்காம எதையும் பண்ணாது. நீங்கதான் அதுக்கு எசமான்."

"என் டிசைன் சாஃப்ட்வேர் அதுல ஓடுமாப்பா?"

"அது ஓடாது. ஆனா மத்ததெல்லாம் ஓடும்."

மற்றதெல்லாம் ஓடி இவருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் எசமான் என்ற சொல் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. மாறலாமா, வேண்டாமா என்று சாப்பிடும்போதுகூட யோசித்தார். மனைவி பட்டம்மாள், "சாம்பார்ல உப்பு இருக்குதா?" என்று கேட்டதற்கு, "மாறினா நாந்தான் எசமான்னு சொல்றான்" என்று பதில் சொன்னார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் மாணிக்கவாசகம் வந்தார். நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்தவர். இப்போது அவர் மகளுக்கே கல்யாணம், ஐப்பசிக் கடைசியில். முகூர்த்தப் புடவையைத் தன் தறியில் தன் கையால் நெய்ய வேண்டும். விஜயதசமியன்று, பொழுது சாய்வதற்குள் தறியில் அட்டை ஏற வேண்டும்.

"நல்ல நாள்ல ஆரம்பிச்சாதாம்பா மனசு நிக்கும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் முகூர்த்தத்துக்குப் புடவை எறங்காது. உன்னை நம்பித்தான் தறியில பாவு நூல் ஏத்திக்கினு இருக்கேன்" என்றார்.

"என் பொண்ணு மாதிரி நெனச்சி அடிச்சித் தரேன்" என்று கலியாணசுந்தரம் வாக்குக் கொடுத்தார்.

பார்டருக்கு மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அட்டை. ஆயுதபூசைக்கு முதல் நாள் வரை நூற்று முப்பது அடித்துவிட்டார். மிச்சம் அறுபத்திரண்டு. மெஷினுக்கு அது இரண்டு மணி நேர வேலை. விஜயதசமி காலையில் மறுபூசை போட்டதும் முடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தார். நிம்மதிதான் மனிதனை ஏமாற்றும் என்பதை அவர் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

பூசையன்று பட்டம்மாள் வீட்டையே கழுவிவிட்டாள். மானிட்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்குப் பூ, மௌசுக்குச் சந்தனம். பரணிலிருந்து பழைய துளைப் பலகையும் சுத்தியும்கூட வருடத்துக்கு ஒருமுறை இறங்கிவந்து குங்குமம் வைத்துக்கொண்டன. போன வருடம் கம்ப்யூட்டரை அணைத்து வைத்துக் கும்பிட்டதில், விளக்கு அணைந்த மாதிரி இருக்கிறது என்று பட்டம்மாளுக்குக் குறை. இந்த வருடம் திரை எரியட்டும் என்றாள். எரிந்தது. ஆறு மணிக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை எந்த ஆயுதத்தையும் யாரும் தொடக்கூடாது. கத்தரிக்கோலுக்கும் அதே சட்டம், கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்.

ஏழு மணிக்குக் கலியாணசுந்தரம் சுண்டல் தின்றுகொண்டே திரையைப் பார்த்தார். நடுவில் ஒரு பெட்டி. அப்டேட் முடிந்தது, ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போது.' 'பிறகு.' நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.

கை தன்னால் மௌசுக்குப் போனது.

"அய்யய்யோ, தொடாதீங்க!" என்று பட்டம்மாள் கத்தினாள். "பூசை போட்டு ஒரு மணி நேரந்தான் ஆவுது!"

"தொடலேன்னா இது நம்மளக் கேக்காமயே ஆரம்பிச்சிடும்டி."

"சாமி முன்னாடி வச்சத எடுக்கக்கூடாதுங்க. எங்கப்பா தறிய அன்னிக்கு எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு."

மாமனாரின் தறி ராத்திரியில் தானாக எழுந்து வேறு தறியாக மாறியதில்லை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு நிமிடம். துடைப்பக்குச்சியால் அமுக்கினால் தொட்டதாகுமா? பூவோடு சேர்த்து அமுக்கினால்? பிளக்கைப் பிடுங்கலாமா? பிளக் ஆயுதமா, இல்லையா? மூன்று நிமிடம். திடீரென்று ஒரு யோசனை வந்து ஜோசுவாவுக்குப் போன் போட்டார்.

"ஜோசுவா, நீ கொஞ்சம் வந்து ஒரு பொத்தானை அமுக்கிட்டுப் போப்பா. உனக்கு எங்க பூசைக் கணக்கு கெடையாதே!"

"வரேண்ணா. எத்தனை மணிக்குள்ள?"

"ரெண்டு நிமிஷத்துல."

ஜோசுவா ஏனாத்தூரில் இருந்தார். அவரிடம் இருந்தது டிவிஎஸ் ஃபிஃப்டி. கலியாணசுந்தரம் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நொடிகள் பூஜ்யமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரை கறுத்தது. சந்தனப் பொட்டு மட்டும் தெரிந்தது.

காலையில் மறுபூசை போட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்தார். அவர் பயந்தபடியே ஆகியிருந்தது. டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவே மறுத்தது. ஓட்டை மெஷினைக் காணவில்லை என்றது. பக்கத்திலேயே குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த மெஷினைக் காணவில்லையாம்! சூரத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அவர்களுக்கும் அன்று தசரா. ஜோசுவா வந்து கம்ப்யூட்டரை அப்டேட்டுக்கு முந்தைய தேதிக்குத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை.

எட்டு மணிக்கு மாணிக்கவாசகம் வந்து வாசலில் நின்றார். கலியாணசுந்தரத்துக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிடம் கண் முன்னே நின்றுகொண்டிருந்ததை விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்றார். அதுதான் உண்மை. அவர் ஒன்றுமே பண்ணவில்லை.

அப்போது ஜோசுவா பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "இது லினக்ஸ். சிடியிலேருந்தே ஓடும். உங்க டிசைன் ஃபைலை இது தொறக்காது. ஆனா கஸ்டமருக்குக் காட்ட, படமா ஒண்ணு சேவ் பண்ணி வப்பீங்கல்ல? அது இருக்குதா?"

இருந்தது. சிடியைப் போட்டதும் வேறு ஏதோ ஊருக்கு வந்துவிட்ட மாதிரி நீலமாக ஒரு திரை வந்தது. எங்கே எது இருக்கிறதென்று கலியாணசுந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோசுவா எங்கெங்கோ புகுந்து அந்தப் படத்தைப் பிடித்து, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிக் காட்டினார். அன்னம் கலைந்து கட்டம் கட்டமாக நின்றது. மாம்பழ மஞ்சளில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தெரிந்தது.

கலியாணசுந்தரம் எழுந்துபோய், சாமி முன்னாலிருந்த துளைப் பலகையையும் சுத்தியையும் எடுத்துவந்தார். குங்குமத்தைத் துடைக்கக்கூட இல்லை. ஜோசுவா திரையைப் பார்த்து வரி வரியாகப் படித்தார். "மூணு ஓட்டை, ரெண்டு சும்மா, அஞ்சு ஓட்டை." கலியாணசுந்தரம் அடித்தார். மாணிக்கவாசகம் ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எண் போட்டு அடுக்கினார். பட்டம்மாள் மூன்று பேருக்கும் காபி வைத்துவிட்டுப் போனாள். பழைய முதுகுவலி அப்படியே திரும்பி வந்தது. நாலரை மணிக்குக் கடைசி அட்டை முடிந்தது. பொழுது சாய்வதற்குள் அட்டை தறியில் ஏறியது. ஐப்பசியில் அந்தப் பெண் அன்னப் பார்டரைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். கலியாணசுந்தரம் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

இவ்வளவுக்குப் பிறகு மாறிவிட்டாரா என்றால், அங்கேதான் கதை. சூரத்திலிருந்து வந்த புது சிடியில் டிசைன் சாஃப்ட்வேர் பிழைத்துக்கொண்டது. அதை விடவும் முடியாது. கைகொடுத்த லினக்ஸைத் துரத்தவும் மனம் வரவில்லை. ஜோசுவா ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போட்டுக் கொடுத்தார். காலையில் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை வந்து, எது வேண்டும் என்று கேட்கும். முப்பது நொடி கொடுக்கும்.

"இப்ப நீங்கதாண்ணா எசமான்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஜோசுவா.

தை மாதம் மாணிக்கவாசகம் புது டிசைனுக்காக வந்தபோது கலியாணசுந்தரம் அப்போதுதான் சுவிட்சைப் போட்டிருந்தார். கறுப்புத் திரையில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. டிசைனுக்கு அது, மெயிலுக்கு இது. ஆனால் மெயில் பார்த்துவிட்டு டிசைன் போடுவதா, டிசைன் போட்டுவிட்டு மெயில் பார்ப்பதா? அதில் அப்டேட் வந்திருந்தால்? இதில் பிரிண்டர் ஓடாதே? இருபது. பதினைந்து. கை மடியிலேயே கிடந்தது.

"இன்னாபா, பூசையா இன்னிக்கு?" என்றார் மாணிக்கவாசகம்.

"இல்லண்ணே."

"அப்பறம் தொட வேண்டியதுதானே?"

கலியாணசுந்தரம் விரலைத் தூக்கினார். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நொடி பூஜ்யமானது. கம்ப்யூட்டர் தானே ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. எது வருகிறது என்று பார்க்க இரண்டு பேரும் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.