பலகையில் இரண்டு கோடு

சிங்கப்பூரில், கிளமெண்டியில் சனிக்கிழமை மதியங்களில் எங்களுக்குக் குழந்தை உளவியல் வகுப்பெடுத்தவர் அவர். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பிள்ளைக்கு வேண்டியது அன்பான கைகள்தான், அவை பெற்றவர்களின் கைகளாக இருக்க வேண்டியதில்லை என்பது அவருடைய கொள்கை. அதைப் பலகையில் எழுதும்போதெல்லாம் கீழே அழுத்தி இரண்டு கோடு போடுவார், யாரோ மறுத்துப் பேசிவிட்டதுபோல.

யாரும் மறுத்ததில்லை. நான் அதைக் கோடுகளோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் எட்டு மாத மகளைத் திருச்சியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

கடைசி வகுப்பு முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, "சார், உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"ஒரு பையன். அவனையும் அஞ்சு வயசு வரைக்கும் ஊர்லதான் விட்டிருந்தோம். இப்ப இங்கதான், உட்லண்ட்ஸ்ல இருக்கான். நான் கூப்பிட்டா போன் எடுக்க மாட்டான்."

"அப்ப நீங்க சொல்லிக்குடுத்தது?"

அவர் மடித்த சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

"அதையும் விட்டுட்டா எனக்கு வேற என்னம்மா இருக்கு?"

மகளை நான்கு வயதில் அழைத்து வந்தேன். வீட்டில் தண்ணீர் குடிப்பதற்குக்கூட, "எடுத்துக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். உடனே அந்த நோட்டைத் தேடி எடுத்தேன், கிழித்துப் போடத்தான். அந்த வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கோடு போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.