தூக்கத்திலும் மிதித்த கால்

மாமா தூங்கும்போதும் தைப்பார். நாற்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த வலது கால், கண்ணை மூடினாலும் சும்மா இருக்காது. அப்படித் தைத்த சட்டையை எல்லாம் யார் போட்டுக்கொண்டு திரிகிறார்களோ என்பாள் அத்தை.

அன்று காலை கடையில் ஒரு சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரிக்கோலை வைத்துவிட்டு நெஞ்சை அமுக்குகிறது என்றார். வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் அடைப்பைத் திறந்த பிறகும் ரத்த அழுத்தம் ஏறவில்லை. இதயம் அடிபட்டுக் களைத்திருக்கிறது, தேறும்வரை அதன் வேலையை ஒரு பம்ப் பார்க்கும் என்றார் டாக்டர். பென்சில் பருமன்கூட இல்லாத பம்பை வலது தொடை வழியாக இதயத்துக்குள் ஏற்றியிருந்தார்கள். அந்தக் காலை மடக்கக் கூடாது. மடக்கினால் பம்ப் நகர்ந்துவிடும். நகர்ந்தால் என்ன ஆகும் என்று அத்தை கேட்கவில்லை.

மத்தியானமே கால் மிதிக்க ஆரம்பித்தது. மயக்க மருந்துக்கும் அடங்கவில்லை. நர்ஸ் பட்டை போட்டுக் கட்டினாள். பட்டைக்குள்ளும் முட்டி எழும்பியது. அத்தை போய்ப் பாதத்தைப் பிடித்ததும் நின்றது. அதனால் அவளை மட்டும் உள்ளே உட்கார விட்டார்கள்.

"சும்மா இருங்களேன். யாரும் துணி கேட்டு வரல" என்று காலிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, கால் சொன்ன பேச்சைக் கேட்டது. அசையவே இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளங்கையில் சில்லென்று பட்டது. இடது காலைத் தொட்டாள். அது சூடாக இருந்தது.

"கால் அசையல, சிஸ்டர்."

"நல்லதுதானேம்மா."

"இல்ல. வந்து தொட்டுப் பாருங்க."

பாதத்தில் பேனாவால் போட்டிருந்த புள்ளியில் நாடி கேட்கும் கருவியை வைத்தாள் நர்ஸ். வெறும் இரைச்சல். டாக்டர் ஓடி வந்தார். தொடை வழியாகப் போகும் பம்பின் குழாய் காலுக்குப் போகும் ரத்தத்தை மறிக்கிறது; இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க நினைத்த பம்பை இப்போதே எடுத்தாக வேண்டும். இதயம் தனியாகத் தாங்குமா என்று அத்தை கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றார்.

வெளியே அத்தை அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டா சும்மா இருக்கச் சொன்னேன்" என்றாள் என்னிடம்.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். குழாய் இல்லை. திரையில் கோடு ஏறி இறங்கி, தயங்கி, மறுபடி ஏறியது. அத்தை பாதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"மிதிங்க. ஒரே ஒரு தடவை."

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பெருவிரல் அவள் கையை அழுத்தியது, மெஷினைக் கிளப்பும் முதல் மிதியைப் போல. அத்தை கையை எடுக்கவில்லை. அடுத்த மிதி வர வேண்டுமே.