நாம் கொடுத்த கப்பல்

அந்தக் கப்பலைக் கொடுத்த விழாவை நான் டிவியில் பார்த்தேன். பக்கத்துத் தீவு நாட்டுக்கு நம் அரசு இனாமாகக் கொடுத்த ரோந்துக் கப்பல். ரிப்பன், பேண்டு வாத்தியம், இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே, நல்ல காரியம்தானே என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தம்பிக்குக் குளச்சலில் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்த வருடம் ஆழ்கடலில் இஞ்சின் பழுதாகி, நீரோட்டம் படகை எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. எப்படியோ சரிசெய்து திரும்புகிற நேரத்தில் தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. கூட இருந்தவர்கள் ஓடிவிடலாம் என்றார்கள். தம்பி கண்ணை இடுக்கிப் பார்த்தான். முகப்பின் சாய்வு, மேல்தட்டு, வெள்ளை நிறம் எல்லாம் அவன் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவை.

"நம்ம கோஸ்ட்கார்டுலே. ஓடாண்டாம், குடிக்கத் தண்ணி கேப்போம்" என்றிருக்கிறான். துண்டை வீசிக் கூப்பிடவும் செய்திருக்கிறான். நம் நாட்டில் கட்டிய கப்பல் நம் கப்பலைப் போலத்தானே இருக்கும். அந்தத் தீவு நாட்டுக் கொடி கண்ணுக்குத் தெரிந்தபோது துப்பாக்கிகளும் தெரிந்துவிட்டன.

ஆட்களைச் சிறையில் போட்டார்கள். படகை அவர்கள் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். நானும் தம்பி மனைவியும் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். தன்மையான மனிதர். அந்தத் தன்மையைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பலு நாம குடுத்ததுதானே சார். குடுத்தவிய ஒரு வார்த்த சொன்னா விடமாட்டாவளா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இப்ப நாம நெருக்கினா, அடுத்த கப்பலை வேற ஒரு பெரிய நாடு குடுத்துடும். இவங்க அந்தப் பக்கம் சாஞ்சிடுவாங்க. அப்படிச் சாயக் கூடாதுன்னுதானே குடுக்கிறதே."

"அப்ப எந்தம்பி உள்ள கெடந்தாத்தான் அவிய நம்ம பக்கம் நிப்பாவ. அப்படித்தானே?"

தம்பி மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அடங்கவில்லை. பெரிய நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு கப்பலும் துப்பாக்கியும் வாரி வழங்குமாம். வாங்கினவன் மனம் கோணக் கூடாதாம். அந்தத் துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பினால் நாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பல மாதம் கழித்து ஆட்கள் வந்தார்கள். படகு வரவில்லை, அங்கேயே மக்கிப்போனது. தம்பி இப்போது வேறொருவர் படகை ஓட்டிக்கொண்டு போகிறான்.

போன மாதம் புயல் எச்சரிக்கை வந்தது. கரைக்குத் திரும்பச் சொல்ல, நம் கடலோரக் காவல்படைக் கப்பலே அவர்களைத் தேடிப் போயிருக்கிறது. அதன் உருவத்தைக் கண்டதுமே தம்பி வலையை அறுத்துவிட்டு, படகைப் புயல் காற்று வருகிற பக்கமாகவே விரட்டியிருக்கிறான். கூட இருந்தவர்கள் கத்தியும் கேட்கவில்லை. அவர்கள் உயிரோடு கரை சேர்ந்தது மாதாவின் புண்ணியம்.

ஆத்திரம் தாங்காமல் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "காப்பாத்த வந்தது நம்ம கப்பலுலே. பாத்தா தெரியாதா ஒனக்கு?"

"தெரிஞ்சுதுக்கா" என்றான். "அன்னைக்கும் எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."