வெள்ளை டைல்ஸும் கெண்டைக் குழம்பும்

எங்கள் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு காலத்தில் இளம்பச்சை. தாளித்துத் தாளித்து, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. அங்கே டைல்ஸ் ஒட்டலாம் என்று முடிவானதும், "ஒரே ஒரு டைல்ஸு வாங்கினு வா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று மனைவி என்னை உத்திரமேரூருக்கு அனுப்பினாள். நான் திரும்பி வந்தது குட்டியானை வண்டியில், சுவருக்கு வேண்டிய மொத்த டைல்ஸோடு.

காரணம் மச்சினன். காஞ்சிபுரத்தில் அவன் வீட்டு அடுப்படிச் சுவர் பளபளப்பில்லாமல், பாலாடை மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வீட்டில் பாதி நாள் பார்சல் சாப்பாடுதான் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. கடையில் திராட்சைக் குலையும் காபிக் கோப்பையும் போட்ட டைல்ஸுகளுக்கு நடுவில் அதே வெள்ளையைப் பார்த்தேன். வண்டியைக் கூப்பிட்டுவிட்டேன்.

மனைவி ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாயா இது, ஆஸ்பத்திரி கட்டப் போறியா?"

வண்டி ஓட்டி வந்த தம்பி குனிந்து டயரைப் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"எறக்காத தம்பி. கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"எறக்காம கொண்டுபோனா எடுத்துக்குவாங்கக்கா. ஒரு பொட்டி பிரிச்சது பரவால்ல."

அவள் உள்ளே போய் ஒரு கரண்டி ஏரிக் கெண்டைக் குழம்போடு வந்தாள். என் வெள்ளை டைல்ஸ் ஒன்றின்மேல் ஊற்றி, மூலைவரை தடவி, துவைக்கிற கல்மேல் வெயிலில் வைத்தாள்.

"காயட்டும். தொடச்சா போச்சின்னா எறக்கலாம். போவலன்னா வண்டி திரும்பிடும். செவுத்தத் தேய்க்கறவ நானு."

நியாயமான பேச்சு. டைல்ஸ் ஒட்ட நான் வரச் சொல்லியிருந்த மேஸ்திரிக்கும் வண்டித் தம்பிக்கும் அதே குழம்பில் சோறு போட்டாள். "கொயம்பு சூப்பர் அண்ணி" என்றார் மேஸ்திரி. அந்தக் குழம்பைப் புகழ அவருக்கு எப்படி மனசு வந்ததோ!

நான் டைல்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். காக்கா ஒன்று வந்து உட்காரப் பார்த்தது. விரட்டினேன். விரட்டிய பிறகுதான், அது கொத்தியாவது சுத்தம் பண்ணியிருக்குமே என்று தோன்றியது. கா, கா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

அவள் மறுசோறு எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துத் தோள் துண்டால் துடைத்தேன். குழம்பு போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. புளிப்புக்குக் கறை போகும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். மேஸ்திரியின் தட்டோரத்தில் கிடந்த எலுமிச்சை ஊறுகாயைக் கேட்காமல் எடுத்துத் தேய்த்தேன். ஊறுகாயிலும் மஞ்சள்தூள் இருக்கும், மிளகாய்த்தூளும் இருக்கும் என்பது பதற்றத்தில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

"இன்னா பண்ணிக்கினு கீற?"

பின்னால் அவள். பொய் ஒன்றும் வரவில்லை.

"ஊறுகா தேய்ச்சிக்கினு கீறேன்."

சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், ஆப்ப சோடாவைத் தண்ணியில் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தேய்."

தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் வெள்ளை வந்தது.

"பாத்தியா, போச்சி!"

"போச்சி. யாரு கை வலிச்சிது?"

"என் கை."

"அப்ப எறக்கு தம்பி. இந்தச் செவுரு இவருது. டெய்லி இவருதான் தேய்ப்பாரு."

"நாங்க சாட்சி" என்றார்கள் இரண்டு பேரும், வாயில் சோற்றோடு.

இப்போது சமையல் முடிந்ததும் அவள் கரண்டியால் டைல்ஸை டொக் டொக் என்று தட்டுவாள். நான் எங்கே இருந்தாலும் துணியோடு வந்து நிற்பேன். வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்து அவளைத்தான் புகழ்கிறார்கள். அவளும் மறுப்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். கடுகு போடும்போது சட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மூடியைப் பிடித்துக்கொள்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"எண்ணெ கையில தெறிக்குதுயா" என்றாள்.

பச்சைச் சுவர் இருந்தவரை அந்தக் கைக்கு மூடி தேவைப்பட்டதில்லை. நான் துணியை அலசிப் பிழிந்தேன்.