சித்தி லைலா உட்காராத இத்தா

என் தங்கச்சியின் பெயர் சித்தி லைலா; காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். மருதமுனையில் தன் வீட்டுத் தறியில் ஒரு சாரன் நெய்து முடிப்பதற்குள் பத்துத் தரம் எழும்பி வாசலுக்குப் போய் வருவாள். இப்படியான ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் அவளுடைய காக்கா, மூத்தவன், கல்முனையில் புடவைக் கடை வைத்திருப்பவன். காலையில் உட்கார்ந்தால் பின்நேரம் அஸர் தொழுகைக்குத்தான் எழும்புவேன்.

அவள் புருஷன் அபூசாலி எழுபத்தொன்பதில் அரபு நாட்டுக்குப் போனார். மேசன் வேலை என்று கூட்டிப் போனவர்கள் ஆடு மேய்க்க விட்டார்கள். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பாஸ்போட் முதலாளியின் கையில் கிடக்க, நகரத்துக்கு ஓடி வந்தார். தெருவில் பொலிஸ் பிடித்தது. ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஆட்களை அடைத்து வைக்கும் பெரிய மண்டபம் ஒன்றில் போட்டார்கள். "ரெண்டு கிழமையில அனுப்பிருவாங்க" என்று எழுதியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாந்திபேதி வந்தது. நாட்டுக்கு நாடு சுற்றிக்கொண்டிருந்த நோய் அந்த மண்டபத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. உடனே கதவை மூடினார்கள். அவர்களை ஏற்ற விமானமும் இல்லை. அபூசாலியின் அடுத்த கடிதம் சிகரட் பெட்டி மட்டையின் உட்புறத்தில் எழுதப்பட்டு, ஊருக்கு வந்த யாரோ கையில் வந்து சேர்ந்தது. "நூறு பேருக்கு ரெண்டு பைப். தினமும் ஆக்களத் தூக்கிட்டுப் போறாங்க. நான் சுகம், நீ பயப்பிடாத." அதோடு கடிதம் நின்றுவிட்டது.

சித்தி லைலாவுக்கு வீடு தரிக்கவில்லை. காலையில் தபால் கந்தோர், பகலில் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் வீடு. ஒலுவிலுக்குப் போனாள், நிந்தவூருக்குப் போனாள். எண்பத்திரண்டு பெப்ரவரியில் சம்மாந்துறைக்கு றஸாக் என்ற ஆள் வந்து இறங்கினார். அதே இடத்தில் பக்கத்து மண்டபத்தில் இருந்தவர். அங்கே நோய் இல்லையென்று அனுப்பிவிட்டார்களாம். சித்தி லைலா என்னையும் இழுத்துக்கொண்டு சம்மாந்துறைக்கு ஓடினாள்.

றஸாக் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அபூசாலி காக்காவ அம்புலன்ஸ்ல ஏத்தினத நான் கண்ணால கண்ட. அதில ஏத்தினவங்க ஒருத்தரும் திரும்பி வந்தத்த நான் காணல்ல."

எனக்கு அது போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு முடிவு கிடைத்ததே என்று மனம் ஆறுதல்பட்டது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணொருத்தி ரோட்டு ரோட்டாக அலைவதும், கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றி என்னிடம் விசாரிப்பதும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

பக்கீர் முகைதீன் மௌலவியிடம் போனேன். "செய்தி உறுதியா?" என்று கேட்டார். உறுதி என்றேன். பெப்ரவரி பத்தொன்பது, வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, முன்னால் மையித்து என்று ஓர் உடல் இல்லாமலே அபூசாலிக்கு ஜனாஸாத் தொழுகை நடந்தது. முன் வரிசையில் நின்றவன் நான்.

பிறகு தங்கச்சியிடம் போய், இத்தா இரு என்றேன். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவள் தறியை விட்டு எழும்பினாள்.

"மையித்த ஆரு கண்ட காக்கா?"

"ஊரே தொழுதிட்டு வந்திரிக்கி."

"நான் இத்தா இருந்தா அவர் மவுத்து எண்டு நானே சொன்ன மாதிரி. பிறகு அவரத் தேட ஆரு இரிக்காங்க? அவர அங்க பூட்டி வெச்சிரிக்காங்க. என்ன இஞ்ச பூட்டுறீங்களா? இது என்ட வீடு."

உண்மைதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. அவள் வீட்டுக்குள் அவளைப் பூட்டி வைக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒன்று என் கையில் இருந்தது. அபூசாலி போகும்போது பத்திரமாக வைக்கச் சொல்லி அவரை அனுப்பிய ஏஜென்சியின் தாளை என்னிடம் தந்திருந்தார். பாஸ்போட் இலக்கம் அதில்தான் இருந்தது. அது இல்லாமல் கொழும்பில் எந்தக் கந்தோரும் வாய் திறக்காது. அவள் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மூன்று கிழமைக்கு மேல் தினமும் கேட்டாள். கடை அலுமாரிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தேன்.

மார்ச் பதினைந்தாம் திகதி கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் நிறைந்த நேரம். "தாளத் தாங்க, இல்லாட்டி இந்த இடத்த விட்டுப் போகமாட்டன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். மானம் போகுதே என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் நேரே கொழும்பு பஸ்ஸில் ஏறினாள். பெண்பிள்ளையைத் தனியே விடலாமா? கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நானும் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டேன். வழி நெடுக அவளை ஏசினேன். அவள் காதில் வாங்கவில்லை.

வெளிநாட்டு அமைச்சுக் கந்தோரில் இலக்கத்தை எழுதிக்கொண்டு, விசாரித்து அறிவிப்போம் என்றார்கள். அதற்குப் பிறகும் மூன்று தரம் போய் வந்தோம். ஊர் என்னென்னவோ கதைத்தது. இத்தா இருக்காதவள் என்று சில வீடுகளில் அவளைக் கலியாணத்துக்குக்கூட அழைக்கவில்லை.

ஆகஸ்ட் நான்காம் திகதி கொழும்புக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன். அபூசாலி பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் குணமாகி, திரும்பவும் அதே மண்டபத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். அவருக்காக விசாரித்து ஒருவரும் வராததால் பெயர் பட்டியலின் கடைசியில் கிடந்திருக்கிறது. இரண்டாம் தரம் நோய் கண்டு, மார்ச் பன்னிரண்டாம் திகதி மவுத்து. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

அவள் விரல் மடித்து எண்ணினாள். "நீங்க தொழுத அண்டைக்கு அவர் உசிரோட இருந்திரிக்காரு."

"ஓம்" என்றேன். நாங்கள் கொழும்பு பஸ் ஏறிய அன்று, அவர் மவுத்தாகி மூன்றாம் நாள். அதையும் அவள் எண்ணியிருப்பாள்.

இனி இத்தா இருக்கிறேன் என்றாள். மௌலவியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அறைக்கு வெளியே நின்று, மெதுவாகத்தான் சொன்னார்: "மகள், இத்தா மவுத்தான நாளிலிருந்துதான் கணக்கு. நாலு மாதம் பத்து நாள் முடிஞ்சி போச்சி. இனி நீங்க இரிக்கத் தேவல்ல."

சித்தி லைலா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"இரி எண்டு சொன்ன நேரம் அவர் உசிரோட இருந்தாரு. இப்ப இரிக்கிறன் எண்டா நாள் முடிஞ்சி போச்சாம். அப்ப நான் எப்ப அழுற?"

மௌலவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் கேட்டது என்னைத்தான்.