நெளிந்த பைப்பு

என் தங்கை மாப்பிள்ளைக்கு றெக்கை இருந்தது. கேலிக்குச் சொல்லவில்லை. பெங்களூரில் மில் மெக்கானிக்காக இருந்தபோது, அங்கே பறக்கிறவர்களோடு பழகி, அவர்களிடமிருந்து பழைய ஹேங் கிளைடர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அலுமினியப் பைப்பில் இழுத்துக் கட்டிய துணி. அடியில் முக்கோணமாக ஒரு சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஆள் தொங்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்ககிரிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் மேலிருந்து ஓடிவந்து காற்றில் ஏறி, கீழே கடலைக்காட்டில் வந்து நிற்பார். சில ஞாயிறு நிற்காமல் விழுவார். அப்போது முக்கோணத்தின் பக்கப் பைப்பு நெளிந்துவிடும். திங்கட்கிழமை அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நாமக்கல்லில் நான் வேலை பார்த்த லாரி பாடி கட்டும் பட்டறைக்கு வருவார்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நட்டை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போனால், பாதியில் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்க்கிற ஆள். என் கையில் போய் இதைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எங்கள் பட்டறையில் நெளிந்ததை எறிவது கிடையாது. தட்டி நிமிர்த்தி மாட்டிவிடுவோம். முதல் தடவை நான் சுத்தியலை எடுத்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிமிர்த்தாதீங்க மச்சான். நெளிஞ்சு நிமிர்ந்தது மேல போனா ஒடிஞ்சுரும். புதுசுதான் போடோணும்."

"அப்ப இரும்புலயே போட்டுர்றனுங்க மாப்பிள்ளை. லாரியே ஏறினாலும் நெளியாது."

"அப்படியே நேஷனல் பர்மிட்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்றார் பெயிண்டர். பட்டறையே சிரித்தது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அது நெளியோணும் மச்சான். அது நெளிஞ்சாத்தான் என்ற கை ஒடியாது."

சேலத்திலிருந்து அவர் வாங்கிவரும் புதுப் பைப்பைப் பழசின் அளவுக்கு அறுத்து, துளை போட்டு, பிசிறு ராவிக் கொடுப்பேன். அன்றிலிருந்து என் கவலை தலைகீழாகிவிட்டது. ஞாயிறெல்லாம், தெருவில் மரம் ஆடினால் எழுந்து போய்க் காற்றைப் பார்ப்பேன். மறுநாள் நெளிந்த பைப்பு தெருமுனையில் தெரிந்தால்தான் சோறு இறங்கும். பைப்பு வராவிட்டால், நன்றாக இறங்கிவிட்டாரா, இல்லை வேறு ஏதாவதா என்று மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கைக்கு அந்த நெளிவைக் கண்டாலே ஆகாது. "பாருங்கண்ணா, அவுங்க எலும்பாட்டவே இருக்குது" என்பாள். முழுகாமல் இருந்தபோது, அவர் கையை வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அன்றைக்கே அவர் றெக்கையை மடித்து விட்டத்தில் கட்டிவிட்டார். நல்ல காரியம் பண்ணினாய் சாமி என்று நானும்தான் தங்கையிடம் சொன்னேன்.

அப்புறம் அவருக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே போர்வெல் போடப் போகும் ரிக் லாரியில் சேர்ந்தார். வழியனுப்பும்போது நான்கூடக் கவலைப்படவில்லை. பூமியைத் துளைக்கிற வேலை, விழுவதற்கு என்ன இருக்கிறது?

தந்திதான் வந்தது. ரிக்கின் இரும்புக் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தும்போது, மேலே போன கரண்டுக் கம்பியில் பட்டுவிட்டதாம். அவர் தரையில்தான் நின்றிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணா, அவுங்க நெளிச்ச பைப்பு ஒண்ணு இருந்தாக் குடுங்க."

"எதுக்கு சாமி?"

"அது ஒவ்வொண்ணு நெளிஞ்சப்பவும் ஊடு வந்து சேந்தாங்கல்லங்கண்ணா."

என்னிடம் ஒன்றுகூட இல்லை. நெளிந்த இடத்தை வெட்டிப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, நேரான துண்டுகளை லாரி கேபினில் டிரைவர் துண்டு காயப்போடும் கம்பியாக அடித்திருந்தோம். அவை எந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ. சத்தியத்துக்கு முந்தி அவர் கேட்டு, நான் அறுத்துத் துளை போட்டு வைத்த புதுப் பைப்பு மட்டும் மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள்.

"இது நேரா இருக்குதுங்கண்ணா" என்று இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.